குணவதி கையில் லைன் இல்லை

குணவதிக்கு ஐம்பது வயது முடிந்த அன்று அவள் கணவர் தனபாலன் அவளுக்கு ஒரு கைவிலங்கு வாங்கிக் கொடுத்தார். கறுப்பு ரப்பர் வார், சதுர முகம், பளபளவென்று கண்ணாடி. கடைக்காரர்கள் அதை ஸ்மார்ட் வாட்ச் என்கிறார்கள். அதிலும் இது உள்ளேயே சிம் வைத்த ஜாதி. மாதச் சந்தா கட்டி ஆக்டிவேட் செய்துவிட்டால் போதும், ஹேன்ஃபோனை வீட்டிலேயே போட்டுவிட்டு எங்கே போனாலும் அதே நம்பருக்கு வரும் அழைப்பெல்லாம் மணிக்கட்டுக்கு வந்துவிடும்.

"இனிமே நீ எங்க போனாலும் யாரு வேணும்னாலும் உன்னைக் கூப்பிடலாம்" என்று தனபாலன் பெருமையோடு சொன்னார். அவர் நல்ல மனிதர். செபராங் ஜெயாவில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் ஸ்டோர் பார்க்கிறார். குடி கிடையாது, சூது கிடையாது, மனைவியிடம் குரல் உயர்த்தியது கிடையாது. இப்படிப்பட்ட நல்லவர்களுக்குத்தான் இந்த மாதிரி யோசனையெல்லாம் தோன்றும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பிறையில் ஒரே ஃபேக்டரியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். மருத்துவமனைகளுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய் செய்கிற இடம். அவள் லைன் லீடர், நான் கியூசி, அதாவது தரம் பார்க்கிறவள். குடியிருப்பதும் மெக்காலம் ஸ்திரீட்டில் ஒரே அடுக்குமாடி. அவள் ஏழாவது மாடி, நான் ஒன்பது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். வீடு தீவில், ஃபேக்டரி அக்கரையில். காலையில் கடல் பாலத்தைத் தாண்டும்போது அவள் பேசுவாள், நான் கேட்பேன். சாயங்காலம் நான் பேசுவேன், அவள் தூங்குவாள்.

தனபாலன் அவர் வீட்டில் மூத்த பிள்ளை. ஆகவே குணவதி மூத்த அண்ணி. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது ஒரு பதவி. சம்பளம் இல்லை, லீவு இல்லை, ராஜினாமாவும் செய்ய முடியாது. "அண்ணி, சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு, என்ன செய்றது?" "அண்ணி, பாஸ்போர்ட் ரினியூ பண்ண எந்த ஆபீஸ் போகணும்?" "அண்ணி, அவரு கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம படுத்துட்டாரு." ஒரு தடவை பஸ்ஸில் என் காது கேட்கவே ஒரு நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, நம்ம அப்பா திதி எப்போ?" செத்தவர் அவர்கள் அப்பா. தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவள் குணவதி. அவளும் சட்டென்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பாலத்திலிருந்து அந்த ஃபோனைக் கடலில் எறிந்திருப்பேன், ஜன்னல் திறக்காத ஏர்கான் பஸ்ஸாகப் போய்விட்டது.

எங்கள் வீடு யாழ்ப்பாண வம்சம். எங்கள் ஆட்கள் ஃபோன் செய்ய மாட்டார்கள், நேராக வந்து கதவைத் தட்டி நிற்பார்கள். அது வேறு வகைத் தொல்லை. ஆனால் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். ஃபோனுக்கு ஏது தாழ்ப்பாள்?

குணவதி கண்டுபிடித்த தாழ்ப்பாள் ஒன்று உண்டு. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஹேன்ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கிவிடுவாள். வெல்ட் கீ வழியாக, படகுத்துறையையும் மணிக்கூண்டையும் தாண்டி பாடாங் கோத்தா வரைக்கும். அங்கே கடல் சுவரில் உட்கார்ந்து அவித்த கச்சாங், அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கித் தின்பாள். கப்பல் பார்க்க மாட்டாள், சூரியன் இறங்குவதைப் பார்க்க மாட்டாள், பெருமூச்சு விட்டுத் தத்துவம் பேச மாட்டாள். கச்சாங் உரிப்பாள், தோலைப் பொட்டலத்திலேயே போடுவாள், அவ்வளவுதான். ஏழு மணிக்குக் கொஞ்சம் மேலே வீட்டுக்கு வந்தால் ஃபோனில் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும். "சார்ஜ்ல போட்டிருந்தேன்" என்பாள்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் தனபாலன் கடிகாரம் வாங்கினார். அவர் தங்கை காமினிதான் யோசனை கொடுத்தது. வாங்கிக் கொடுத்த கையோடு அவர் சொன்னார்: "நீயே கடைக்குப் போயி ஆக்டிவேட் பண்ணிக்கோ. எனக்கு இந்த ஃபாரம் கீரமெல்லாம் புரியாது." ஆக, தன்னைக் கட்டிப்போடும் கயிற்றுக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டியதும் அவள் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

துணைக்கு நான் போனேன். தொலைபேசிக் கடை கவுண்டரில் நஸீஹா என்று பெயர் குத்திய பெண் இருந்தாள். பேச்சு மலாயில் நடந்தது, அக்கா என்று அர்த்தப்படும் கக்காவை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நான் தமிழில் தருகிறேன். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.

"பிளான் போடலன்னா என்ன ஆகும்?" என்று குணவதி சும்மாதான் கேட்டாள்.

"ஃபோன் பக்கத்துல இருந்தா எல்லாமே வேலை செய்யும் கக்கா. ஃபோனை விட்டுட்டு வெளிய போயிட்டா மணி காட்டும், நடையை எண்ணும், ஏத்தி வச்ச பாட்டு இருந்தா பாடும். அவ்வளவுதான்."

"யாரும் என்னைக் கூப்பிட முடியாதா?"

"முடியாது."

"மெசேஜ்?"

"வெளி வைஃபைல நீங்களா சேத்துக்கிட்டாத்தான் உண்டு. இல்லன்னா வராது. ஆபத்துன்னா 999க்கு மட்டும் போகலாம். அதையும் ரொம்ப நம்பாதீங்க." நஸீஹா பாவம், ஒரு பிளான் விற்கத்தான் இவ்வளவும் சொன்னாள். "அதனாலதான் கக்கா எல்லாரும் போட்டுக்குறாங்க. போடாட்டி இந்த வாட்ச் வாங்கினதே வேஸ்ட்."

குணவதி கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அவள் மகன் பரீட்சையில் பாஸான அன்றைக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன். "தா பாயாலா" என்றாள் நஸீஹாவிடம். வேண்டாமாம். வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "செத்தா மட்டும் கூப்பிட்டுக்கலாமாம் அருந்ததி. அது போதும்டி எனக்கு."

வீட்டில் "ஆச்சா?" என்று கேட்டார்கள். "ஆச்சு" என்றாள். வீட்டுக்குள் ஃபோன் பக்கத்திலேயே இருப்பதால் கடிகாரம் அழகாகக் கிணுகிணுத்தது, அவளும் மணிக்கட்டை வாய்க்கருகே வைத்து இரண்டு தடவை பேசிக் காட்டினாள். தனபாலன் பூரித்துப் போனார். ஆறு மணிக்கு அவள் படியிறங்கியதும் கடிகாரம் ஊமையாகிவிடும். யாராவது கேட்டால் "கடல் பக்கம் லைனே கிடைக்க மாட்டேங்குது" என்பாள். கப்பல்கள் நிற்பதால் சிக்னல் அடிபடுகிறது என்று காமினி விளக்கம் சொன்னாள். அவள் புருஷன் கப்பல் இரும்பு, இரும்பு காந்தம் என்று அதற்குமேல் ஒரு மாடி கட்டினான். இப்படியே பல மாதம் ஓடியது. சந்தா கட்டாத கடிகாரத்தைப் போல விசுவாசமான வேலைக்காரன் உலகத்தில் இல்லை என்பாள் குணவதி.

இந்த நேரத்தில்தான் காமினியின் மகள் யோகிதாவுக்கு வரன் வந்தது. வந்தது என்பது பெரியவர்களுக்காகச் சொல்வது. ஹரீஷ் என்ற அந்தப் பையனும் அவளும் செபராங் ஜெயாவில் ஒரே ஆபீஸ். இரண்டு வருடமாக ஒரே தட்டில் நாசி லெமாக் சாப்பிடுகிறவர்கள். பையனின் அம்மா ஜெகதீஸ்வரி கெப்பாலா பத்தாஸ்காரர், அரசாங்க ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், எதையும் முறைப்படி செய்கிறவர். அவர் முறைப்படி வந்து பெண் பார்த்தார், கேசரி சாப்பிட்டார், ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். முடிவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலம் கழித்து, பெண் வீட்டு மூத்த சுமங்கலிக்கு, அதாவது குணவதிக்கு, ஃபோனில் சொல்வதாக ஏற்பாடு. அம்மா வேண்டாம் என்று சொன்னால் ஹரீஷ் மீற மாட்டான் என்பது யோகிதாவுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் சோறு சரியாகத் தின்னவில்லை.

ராகு காலத்தில் இங்கே இரண்டு கட்சி உண்டு. சிவகாசியில் அச்சான காலண்டரை ஆணியில் மாட்டியவர்களுக்கு ஞாயிறு ராகு காலம் ஆறு மணிக்கு முடிந்துவிடும். இங்கே சூரியனே தாமதமாகத்தான் எழுகிறான், ராகுவும் தாமதமாகத்தான் வருவான் என்று இந்த ஊர்க் கணக்குக் காலண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஏழரை வரை ஆகும். குணவதி வீட்டில் இந்த ஊர்க் காலண்டர். எப்படியும் ஏழரைக்கு மேல்தானே என்று அவள் வழக்கம்போல ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பிவிட்டாள். ஜெகதீஸ்வரி வீட்டில் சிவகாசி.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, யோகிதா சொல்லிக் கேட்டேன். ஆறே கால் இருக்கும். தனபாலன், காமினி, காமினியின் புருஷன், யோகிதா, நாலு பேரும் குணவதி வீட்டு ஹாலில். டிவி அலமாரிமேல் சார்ஜில் கிடந்த குணவதியின் ஃபோன் அடித்தது. திரையில் 'ஜெகதீஸ்வரி கெப்பாலா பத்தாஸ்'.

தனபாலன் எழுந்தார். காமினி பாய்ந்து தடுத்தாள். "தொடாதீங்கண்ணே! அண்ணி இன்னும் கடல்கிட்ட போயிருக்க மாட்டாங்க, கையில எடுத்துடுவாங்க. நாம எடுத்தா அங்க கட் ஆயிடும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஃபோன் அடித்து ஓய்ந்தது. "எடுத்துட்டாங்க" என்றாள் காமினி. மறுபடி அடித்தது. "லைன் கட்டாயி திரும்பக் கூப்பிடுறாங்க. அண்ணி பேசட்டும்." மறுபடி ஓய்ந்தது. மூன்றாவது தடவையும் அடித்தது, மூன்றாவது தடவையும் நாலு பேரும் ஃபோனைச் சுற்றி நின்று, கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி பயபக்தியோடு பார்த்தார்கள். யோகிதா மட்டும் "மாமா, எடுங்க மாமா" என்று சொல்லியிருக்கிறாள். "உனக்கு டெக்னாலஜி தெரியாது, சும்மா இரு" என்றாளாம் அவள் அம்மா. பிறகு நெடுநேரம் ஃபோன் அடிக்கவே இல்லை. "பாத்தியா, நல்லா பேசிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிக் காமினி எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள்.

குணவதி கச்சாங் வாசனையோடு உள்ளே வந்ததும் நாலு பேரும் ஒரே குரலில், "என்ன சொன்னாங்க?"

"யாரு?" என்றாள் குணவதி.

ஃபோனைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லைன் கிடைக்கவில்லை என்று வழக்கமான பொய்யைச் சொல்லிக்கொண்டே ஜெகதீஸ்வரிக்குத் திரும்ப அடித்தாள். அந்த அம்மாள் நிதானமாகப் பேசினார். "மூணு தடவை கூப்பிட்டேன். நான் சரின்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நல்ல காரியத்துக்கு முதல் ஃபோனே போய்ச் சேரல. என் வீட்டுல இதுக்கு மேல யாரும் துணிய மாட்டோம். மனசுல வச்சுக்காதீங்க." ஃபோனை வைத்துவிட்டார். யோகிதா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சர்க்கரை இன்னும் எல்லார் நாக்கிலும் இனித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் குணவதி இவ்வளவையும் சொன்னாள். காமினியும் தனபாலனும் தொலைபேசிக் கம்பெனிமேல் புகார் எழுதப் போகிறார்களாம். புதன்கிழமை கெப்பாலா பத்தாஸ் போய், கம்பெனிக்காரன் தப்பு, லைன் கோளாறு என்று எடுத்துச் சொல்லப் போகிறார்களாம்.

"நல்லதாப் போச்சு" என்றேன். "பழி கம்பெனி மேல போகட்டும். நீ வாயைத் திறக்காத."

அவள் தலையை ஆட்டினாள். "உனக்குப் புரியல அருந்ததி. லைன் கோளாறுன்னா அது அந்தம்மாவுக்கு இன்னும் மோசம். யாரும் ஒண்ணும் செய்யாம தானா அறுந்துச்சுன்னா அதுக்குப் பேருதான் சகுனம். கடவுளே வேணாம்னுட்டாருன்னு சொல்லுவாங்க. அதுக்கு யாரு என்ன பதில் சொல்ல முடியும்? ஆனா நான்தான் வேணும்னே லைன் இல்லாம வச்சிருந்தேன்னு சொன்னா அது சகுனம் இல்ல. என் குத்தம். குத்தத்தை மன்னிச்சு விடலாம், சகுனத்தை யாரு மன்னிக்கிறது?"

கடவுளிடமிருந்து கேஸைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டால்தான் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். ஐஎஸ்ஓ ஆடிட் வரும்போது எங்கள் மேனேஜர்களுக்கு இந்த மூளை இருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

"அப்ப சொல்லிடு" என்றேன்.

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அன்னைக்கே கொண்டுபோயி ஆக்டிவேட் பண்ணிடுவாங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த ஒரு மணி நேரம் போயிடும்டி." அழுதாள். அவள் மாமனார் இறந்தபோதுகூட, ஐம்பது பேருக்குக் காப்பி கலக்கிக்கொண்டு அழ நேரமில்லாமல் நின்றவள், நாற்பது பேர் இருக்கிற கம்பெனி பஸ்ஸில் கச்சாங் தின்னும் ஒரு மணி நேரத்துக்காக அழுதாள். யார் மேல் என்று தெரியாமல் ஒரு ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் யார் மேல் என்று நன்றாகவே தெரிந்தது.

புதன்கிழமை நானும் போக வேண்டியதாயிற்று. தனபாலன், குணவதி, காமினி என்று மூன்று பேராய் நல்ல காரியத்துக்குப் போகக் கூடாதாம். காமினியின் புருஷனுக்கு ஓவர்டைம். நாலாவது தலையாக என்னை ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு மாப்பிள்ளை வீட்டார் யாரென்றே தெரியாது, ஆனால் எண்ணிக்கைக்கு நான் பொருத்தமாக இருந்தேன்.

ஜெகதீஸ்வரியின் வீட்டில் எல்லாம் நேராக இருந்தது. நாற்காலிகள் நேராக, சாமி படங்கள் நேராக, அவர் கணவரும் நேராக உட்கார்ந்திருந்தார். ஹரீஷ் மட்டும் சாய்ந்து போயிருந்தான். பாவம், மூன்று நாளாகத் தூங்கவில்லை போலும். எங்களுக்குத் தண்ணீர் வந்தது. தேநீர் வரவில்லை. அது எதற்கு அடையாளம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

காமினி ஆரம்பித்தாள். டவர், சிக்னல், கம்பெனி, கப்பல், காந்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெகதீஸ்வரி சொன்னார்: "அதைத்தாங்க நானும் சொல்றேன். யாரு மேலயும் தப்பில்ல. ஆண்டவனாப் பாத்து லைனைக் கட் பண்ணிட்டான்."

ஹரீஷ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஆண்டவன் கட் பண்ணலங்க" என்றாள் குணவதி. "நான்தான் கட் பண்ணேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தனபாலன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த வாட்சுக்கு நான் பிளானே போடல. வாங்கின நாள்லேர்ந்து போடல. ஃபோன் வீட்டுல இருக்கும்போது நான் வெளிய போனா இதுல ஒரு கால் வராது. வரக் கூடாதுன்னுதான் போடாம வச்சிருக்கேன். வீட்டுல எல்லார்கிட்டயும் போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். நீங்க கூப்பிட்டப்போ ஃபோன் எங்க வீட்டு ஹால்ல நல்லாத்தான் அடிச்சிருக்கு. லைன்ல ஒரு கோளாறும் இல்ல, சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எதுக்கு அப்படி?" ஜெகதீஸ்வரியின் குரலில் ஆபீஸ் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடக் கூடாதுன்னு."

"அந்த ஒரு மணி நேரத்துல என்ன செய்வீங்க?"

குணவதி யோசித்தாள். கோயில், தியானம், உடற்பயிற்சி என்று சொல்ல எத்தனையோ இருந்தது. "கச்சாங் திம்பேன்" என்றாள்.

ஹரீஷின் அப்பா இருமினார். அது இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஜெகதீஸ்வரி எழுந்து, "தே தண்ணி போடணும், கொஞ்சம் உள்ள வாங்க" என்று குணவதியை அழைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் இந்தக் காட்சியைத் தவறவிட்டிருந்தால் என்னையே நான் மன்னித்திருக்க மாட்டேன்.

அவர் அடுப்பைப் பற்ற வைத்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "நான் செவ்வாயும் வெள்ளியும் பாசாருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். சாமான் வாங்க பத்து நிமிஷம் போதும். மிச்ச நேரம் கடைங்களுக்குப் பின்னால காரை நிறுத்தி ஏர்கானைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். சும்மாதான். பாட்டுகூடப் போட மாட்டேன். வீட்டுல கேட்டா மீன் கடையில கூட்டம்னு சொல்லுவேன்."

குணவதி கண் கலங்கிச் சிரித்தாள். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை, சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டார். குணவதிக்குச் சர்க்கரை வேண்டாம், எனக்கு இரண்டு.

தட்டோடு ஹாலுக்கு வந்து அவர் தீர்ப்பு சொன்னார். "இது சகுனம் இல்ல. இது பொம்பளைங்க விஷயம். ஆவணியில நாள் பாருங்க." ஹரீஷ் எழுந்து தன் அம்மாவைக் கட்டிக்கொண்டான், தே தண்ணி தரையில் கொட்டியது, நேராயிருந்த அந்த வீடு ஒரு நிமிடம் கோணலாகிப் போனது. காமினி அங்கேயே யோகிதாவுக்கு ஃபோன் போட்டு அழுதாள். எதிர்ப்பக்கம் கேட்ட கத்தல் என் காதுவரை வந்தது.

இதுவரை எல்லாம் சரி. திரும்பக் கிளம்பினோம். பட்டர்வொர்த் போயிற்று, பிறை லாரிகள் போயின. பாலத்து டோலில் வரிசை நின்றபோது தனபாலன் தொண்டையைச் செருமினார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும், மன்னிப்புக் கேட்பாரோ, கோபப்படுவாரோ என்று நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பரவால்ல குணா" என்றார் மிகவும் பெருந்தன்மையாக. "நடந்தது நடந்து போச்சு. நாளைக்கே கடைக்குப் போயி ஆக்டிவேட் பண்ணிடலாம். நான் லீவு போட்டுட்டு வரேன்."

"ஆமாண்ணே" என்றாள் காமினி. "கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. அண்ணி எந்நேரமும் லைன்ல இருந்தாத்தான் முடியும்."

இவ்வளவு நடந்தும் இதுதான் இவர்களுக்குப் புரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குணவதி கடிகாரத்தைக் கழற்றிவிட்டாள். கியர்மேல் இருந்த கணவரின் இடது கையைப் பிடித்தாள், வாரை அவர் மணிக்கட்டில் சுற்றி இழுத்து மாட்டினாள். அவர் கை தடிமன், கடைசித் துளைதான் எட்டியது.

"என்னடி இது?"

"எனக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் வேணும். யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு மணி நேரம். இத்தனை வருஷம் அதைத் திருடிக்கிட்டு இருந்தேன். இனிமே திருட மாட்டேன், சொல்லிட்டே போவேன். உங்களைக் கேக்கலங்க, சொல்றேன். ஆறு மணிக்கு ஃபோனும் வீட்டுல இருக்கும், வாட்சும் உங்க கையில இருக்கும். பக்கத்துல பக்கத்துல இருந்தா அதுக்குப் பிளானே வேணாம், நல்லா வேலை செய்யும். உங்க தங்கச்சிங்க கூப்பிட்டா நீங்க பேசுங்க."

"நான் என்ன பேசுறது? எனக்கு ஒண்ணும் தெரியாதே?"

"அதையே சொல்லுங்க."

பின்னால் இருந்த கார் ஹார்ன் அடித்தது. எங்கள் முன்னே வரிசை எப்போதோ போய்விட்டிருந்தது. தனபாலன் கடிகாரம் கட்டிய கையோடு காரை நகர்த்தினார். காமினி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தீவு வரும்வரை அவள் அண்ணி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அது ஒரு சாதனை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் லிஃப்ட் வாசலில் தனபாலனைப் பார்த்தேன். தலை கலைந்து, பனியனோடு நின்றார். மணிக்கட்டில் அந்தக் கறுப்பு வார். குணவதி போய் அரைமணி ஆகியிருக்கும்.

"அருந்ததி" என்றார். "இவங்க எல்லாம் ஒரு நாளைக்கு இத்தனை தடவையாம்மா கூப்பிடுவாங்க?"

"ஆமாண்ணே."

"தினமுமா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "இன்னைக்கு ஒருத்தி எங்க அப்பா திதி கேக்குறா. எனக்கே தெரியல" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு அவர்மேல் முதல் தடவையாக உண்மையிலேயே இரக்கம் வந்தது. இரக்கத்தோடு கொஞ்சம் திருப்தியும் வந்தது, அதை மறைப்பானேன்.

லிஃப்ட் வந்தது. அவர் ஏறவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி தயங்கி நின்று கேட்டார்: "அவ எங்கம்மா போயி உக்காருவா? தொந்தரவு பண்ண மாட்டேன். சும்மா நானும் பக்கத்துல போயி உக்காரலாம்னு பாத்தேன்."

அந்த இடம் எனக்குத் தெரியும். எந்தப் படிக்கட்டுக்கு எதிரே, எந்த மரத்தைத் தாண்டி, கச்சாங்காரர் வண்டியிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனிதர் கேட்ட விதமும் நியாயமானதுதான், முகமும் நல்ல முகம்தான்.

"தெரியாதுண்ணே" என்றேன்.